பதில் ஊதாத விசில்

நவம்பர் மாதம், ஞாயிற்றுக்கிழமை, மதியம் மூன்று மணி. பிளீதேல் நீர்த்தேக்கத்தை ஒட்டிப் போகும் ஒற்றைச் சாலை. அந்த நேரத்திலேயே அங்கே வெளிச்சம் பாதி போயிருக்கும்... எதிரே ஒரு வண்டி வராது. கரைக் கல்லில் தண்ணீர் தட்டுகிற சத்தம் மட்டும் கேட்கும். அந்தச் சாலை ஓரத்தில் காரை நிறுத்திவிட்டு ஒருவர் தனியாக ஹார்தர் மலைக்குக் கிளம்பினார்.

கொஞ்சம் நெருங்கி உட்காருங்கள். அடுப்பில் இன்னொரு கட்டை போடுங்கள். கரண்ட் இன்று வருகிற மாதிரி தெரியவில்லை.

அவர் பெயர் ஆர்னால்ட். நம் மலையேறும் கிளப்பில் கீத் இருக்கிறானே... அவனுடைய அக்கா புருஷன். கீத் சொன்னதை அப்படியே சொல்கிறேன், நான் ஒன்றும் சேர்க்கவில்லை.

"நீ ஒண்ணும் சேர்க்காம கதை சொன்னா அதுவே பேய் வேலைதான்யா" என்கிறான் ரோஜர். உன் பீரைக் குடி ரோஜர்.

மூன்று மணி என்பது இறங்குகிற நேரம். ஆர்னால்டுக்கா தெரியாது? வாலிப வயதிலிருந்து ஏறுகிறவர். அவருடைய கிளப் ஆட்கள் காலையிலேயே ஏறி இறங்கியிருந்தார்கள். அவர்கள் முகத்தில் விழிக்கப் பிடிக்காமல்தான் அவ்வளவு நேரம் காத்திருந்தார். காரணம், முந்தின வருடம் நடந்தது.

அதுவும் இதே ஞாயிறுதான். போரில் செத்தவர்களை நினைக்கிற ஞாயிறு. கோட்டில் சிவப்புக் காகிதப் பூவைக் குத்திக்கொண்டு ஏழெட்டுப் பேர் உச்சிக்குப் போனார்கள். ஆர்னால்ட்தான் தலைவர். உச்சியில் அந்தக் கல் நினைவுச் சின்னம் இருக்கிறது, பெயர்ப் பலகையோடு. பதினோரு மணிக்கு அதன் முன்னால் தொப்பியைக் கழற்றித் தலை குனிந்தார்கள். இரண்டு நிமிட மௌனம். பக்கத்தில் நிற்பவன் தெரியாத அளவுக்குப் பனிமூட்டம்.

அப்போது கேட்டது... விசில். வடக்குப் பக்கம், பாறைச் சரிவுக்குக் கீழே இருந்து. ஆறு தரம். பிறகு ஒன்றுமில்லை. ஒரு நிமிடம் கழித்து மறுபடி ஆறு.

ஆறு என்றால் என்ன என்று இந்த ஊரில் பள்ளிக்கூடப் பிள்ளைக்கும் தெரியும். 'ஆபத்து, வாருங்கள்.' கேட்டவர் மூன்று தரம் பதில் ஊத வேண்டும். 'கேட்டுவிட்டது, வருகிறேன்.' ஆர்னால்டின் பை வாரிலேயே விசில் தொங்கியது. கை அதுவரை போனது... அங்கேயே நின்றது.

செத்துப்போன வீரர்களுக்கு முன்னால் விசில் ஊதுவதா? நாலு பேர் என்ன நினைப்பார்கள்? அவர் ஊதவில்லை. அவர் ஊதவில்லை என்று மற்றவர்களும் அசையவில்லை. மரியாதை நல்ல போர்வைதான். குளிருக்கும் ஆகும், முகத்தை மூடிக்கொள்ளவும் ஆகும்.

மறுநாள் ஹ்யூ பிர்க்கெட் என்ற உள்ளூர்க்காரரைக் காணவில்லை என்று தேடினார்கள். வடக்குப் பாறைக்கு அடியில் உடல் கிடைத்தது. விசாரணையில் கேட்டார்கள்... ஏதாவது சத்தம் கேட்டதா? காற்றுச் சத்தம்தான் கேட்டது என்று ஏழெட்டுப் பேரும் ஒரே வாயாகச் சொன்னார்கள். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்தாகிவிட்டது.

இதைவிடக் கொடுமை ஒன்று உண்டு. தேடப் போனவர்களில் ஆர்னால்டும் ஒருவர். ஹ்யூவின் மனைவி தெல்மா கிறிஸ்துமஸுக்குத் தன் கையால் செய்த பழக் கேக்கை எடுத்துக்கொண்டு, நன்றி சொல்ல வீடு தேடி வந்தாள். அதை அவரால் தின்னவும் முடியவில்லை, எறியவும் முடியவில்லை. தெருவில் தெல்மா வந்தால் எதிர்ப்பக்கம் போய்விடுவார். வீட்டில் கெட்டில் விசிலடித்தால் எழுந்து தோட்டத்துக்கு ஓடுவார்.

"என்னங்க ஆச்சு உங்களுக்கு?" என்று கேட்டுக் கேட்டு அலுத்துப்போய் கீத்தின் அக்கா அந்தக் கெட்டிலையே குப்பையில் போட்டாள். குற்றமுள்ள நெஞ்சு குறுகுறுக்கும் என்பது சும்மாவா?

ஆக, ஒரு வருடம் கழித்து, அதே ஞாயிறு, தனியாக. ஊத வேண்டிய மூன்றை ஊதிவிட்டு வந்தால் தூக்கமாவது வரும் என்று நினைத்தாராம்.

காய்ந்த பெரணிச் செடி நனைந்து அழுகுகிற வாடை. பூட்ஸுக்குக் கீழே சேறு உறிஞ்சுகிற சத்தம். உச்சிக்குப் போனபோது வெளிச்சம் சாம்பலாகிவிட்டது. காலையில் வைத்த பூவளையங்கள் ஈரத்தில் சாயம் விட்டுக் கல்லில் சிவப்பாக வழிந்திருந்தன. தொப்பியைக் கழற்றினார்.

ஆறு தரம். அதே பக்கத்திலிருந்து.

உதடு மரத்துப்போயிருந்தது. விசிலை வாயில் வைக்கவே இரண்டு முறை தவறியது. பிறகு ஊதினார்... மூன்று தரம்.

"கேட்டுருச்சு! வர்றேன்பா! அங்கேயே இரு!" என்று கத்தினார்.

சத்தம் வந்த பக்கம் நடந்தார். கிட்டே போகப் போக, விசிலுக்குள் சின்ன உருண்டை ஒன்று உருளுகிற கரகரப்புகூடக் கேட்டது. நனைந்த கம்பளி வாடை அடித்தது. ஆனால் ஆள் இல்லை. அவர் நின்றால் அதுவும் நின்றது. நடந்தால் பத்தடி முன்னால் போனது. ஒரே ஒரு தரம் பனி விலகியது... அவருடைய இடது காலுக்கு ஒரு முழம் தள்ளிப் பாறை முடிந்திருந்தது. கீழே வெறும் இருட்டு.

விசில் வலது பக்கம் ஊதியது. வலது பக்கம் நடந்தார்.

அப்படியே இறங்கி இறங்கி, கடைசியில் கையில் கல் சுவர் தட்டியது. சாலையோரச் சுவர். காருக்குள் ஏறிக் கதவைச் சாத்தும்போது மலைமேல் மறுபடியும் ஆரம்பித்தது... ஆறு தரம்.

ஹ்யூதான். வேறு யார்? இவர் கைவிட்ட ஆள் இவரைக் கைப்பிடித்துக் கீழே கொண்டுவந்து விட்டிருக்கிறார். "என்னைப் பிடிச்சுத் தள்ளியிருந்தாக்கூடத் தாங்கியிருப்பேன்டா கீத்" என்று பிற்பாடு அவனிடம் அழுதாராம். அன்று காருக்குள் அதற்கு மேல் அவரால் பொறுக்க முடியவில்லை. நேரே தெல்மா வீட்டுக்குக் காரை விட்டார்.

தெல்மா அடுக்களையில் உருளைக்கிழங்கு உரித்துக்கொண்டிருந்தாள். சேற்றுக் காலோடு நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னார். விசில் கேட்டது, ஊதாமல் நின்றது, விசாரணையில் பொய் சொன்னது, இப்போது நடந்தது. அவள் கத்தியைக் கீழே வைத்தாள்.

"அந்த ரெண்டு நிமிஷம் முடிஞ்சப்புறம் விசில் நின்னுருச்சா?"

அதைத்தான் அவர் யாரிடமும் சொன்னதில்லை. கட்டின மனைவியிடம்கூட.

"இல்ல தெல்மா. ஊதிக்கிட்டேதான் இருந்துச்சு. நாங்க ஃபிளாஸ்க்கைத் திறந்து டீ குடிச்சோம். யாரோ பசங்க விளையாடுறாங்கன்னு நான்தான் சொன்னேன். நாங்க இறங்குற வரைக்கும் கேட்டுச்சு."

திட்டுவாள், அடிப்பாள் என்று எதிர்பார்த்தார். அவள் கையைத் துணியில் துடைத்துக்கொண்டாள். பிறகு எழுந்து கரண்டி வைக்கிற இழுப்பறையைத் திறந்தாள். மெழுகுவர்த்தி, நூல்கண்டு, ரப்பர் வளையம்... அதற்கடியிலிருந்து ஆரஞ்சு நிற பிளாஸ்டிக் விசில் ஒன்றை எடுத்து மேஜைமேல் வைத்தாள்.

"இது ஹ்யூவோடது. அன்னிக்கு எடுத்துக்கோங்கன்னு சொல்லச் சொல்ல மறந்துட்டுப் போயிட்டாரு. அவரோட பையில இருந்ததையெல்லாம் போலீஸ் எங்கிட்டதான் குடுத்தாங்க. அவருகிட்ட விசிலே கிடையாது ஆர்னால்ட். விழுந்தவுடனே உயிர் போயிருச்சுன்னு டாக்டர் சொன்னாரு."

அந்த ஒரு நொடி தனக்குச் சந்தோஷமாக இருந்தது என்று ஆர்னால்ட் கீத்திடம் ஒப்புக்கொண்டார். ஒரு வருடமாக நெஞ்சில் கிடந்த கல் இறங்கின மாதிரி. தன்னை அறியாமல் முகம் மலர்ந்துவிட்டதாம்.

தெல்மா அதைப் பார்த்தாள்.

"சிரிக்காதீங்க" என்றாள். "அப்ப நீங்க மேல விட்டுட்டு வந்தது யாரை?"