கொடியின் நான்கு முனைகள்

வெடி. தரை அதிர்கிறது. நாற்காலி சாய்கிறது. மேசைக்கு அடியில் புகுந்துவிட்டேன். இரண்டு கைகளும் தலைமேல்.

"மச்சான்! குவாரி வெடிலா! மலைய ஒடைக்கிறானுங்க. எந்திரி!"

ஷேக்கின் குரல். என் மனைவியின் அண்ணன். இது மலேசியாவின் ஈப்போ. அவனுடைய சாப்பாட்டுக் கடை. சுண்ணாம்பு மலையில் பகல் வெடி. எழுகிறேன். குடித்துக்கொண்டிருந்த தே தாரிக் தேநீர் மேசையெங்கும் வழிகிறது.

சுவரில் தொலைக்காட்சி. அரபு, முஸ்லிம் நாடுகளின் கூட்டமைப்பு கூடியிருக்கிறது. தலைவர்கள் படத்துக்கு நிற்கிறார்கள். தோளோடு தோள். பின்னால் கொடிகள். சகோதரத்துவம் என்கிறார் ஒருவர். ஆழ்ந்த கவலை என்கிறார் இன்னொருவர். எவ்வளவு ஆழம்? ஒரு பிள்ளை பதுங்கும் குழி அளவாவது இருக்குமா?

ஷேக் ஏணியைச் சாத்துகிறான். கூட்டமைப்பின் கொடியைக் கடை முகப்பில் கட்டப் போகிறான்.

"அந்த முனையப் பிடி மச்சான். காத்துல பறக்குது."

பிடிக்க மாட்டேன்.

சில வருடங்களுக்கு முன் ஏமன். தலைநகர் சனா. ஷேக்கின் தம்பி காசிமும் நானும் அங்கே ஒரு பெரிய விடுதியில் சமையல்காரர்கள். காசிம் ஈப்போ பக்கத்துச் சுங்கை சிப்புட்டில் பிறந்தவன். வாய் ஓயாதவன். அந்த விடுதியில்தான் கூட்டமைப்பின் அமைச்சர்கள் கூடினார்கள். ஆட்டுக்கறி தின்றார்கள். ஒற்றுமை என்றார்கள். போனார்கள். மண்டபத்தில் தொங்கிய பெரிய கொடியைக் காசிம் வீட்டுக்குத் தூக்கி வந்தான். "போத்திக்கிட்டுத் தூங்கலாம் மச்சான். அமைச்சருங்க தூங்குன மாதிரி."

பிறகு போர் மூண்டது. விமானங்கள் வந்தன. கூட்டமைப்பு நாடுகளின் விமானங்கள். காசிம் கையால் தின்றவர்கள் அனுப்பியவை. முதலில் ஒரு விசில். பிறகு மௌனம். பிறகு தெருவின் கதவெல்லாம் ஒன்றாக அறையும்.

கொடியை மொட்டை மாடியில் விரிப்போம் என்றான் காசிம். "அவனுங்க கொடிய அவனுங்களே அடிப்பானுங்களா?" வீட்டுக்காரர் யஹ்யா நம்பினார். அவருடைய இரண்டு மகள்கள் நம்பினார்கள். நானும் நம்பினேன்.

வெள்ளிக்கிழமை. காலை. மாடியில் ஆளுக்கொரு முனை பிடித்து நிற்கிறார்கள் அந்த நான்கு பேரும். காற்று துணியைத் தூக்குகிறது. பாரத்துக்குக் கல் வேண்டும். நான் இறங்குகிறேன். முற்றத்தில் கல்லோடு நிமிர்கிறேன். மேகமில்லை. புகையில்லை. விமானம் தாழ வருகிறது. ஒரு சுற்று. போகிறது. காசிம் மாடி விளிம்பில் கையை ஆட்டுகிறான்.

"பாத்துட்டான் மச்சான்! பாத்துட்டான்!"

திரும்பி வருகிறது.

"எறங்கு! காசிம், எறங்கு!"

விசில். மௌனம்.

தவறுதல் என்று பிறகு அறிக்கை வந்தது. ஷேக் அந்த ஒரு சொல்லைப் பிடித்துக்கொண்டுதான் இத்தனை வருடம் தூங்குகிறான். ஏணியில் நின்றபடி இன்றும் அதையே சொல்கிறான்.

"பொகை மூடியிருக்கும் மச்சான். கொடி தெரிஞ்சா போடுவானா? நம்ம ஆளுங்கலா."

"பொகையே இல்ல. நான் கீழேருந்து பாத்தேன். அவன் மேலேருந்து பாத்தான். பாத்துட்டுத்தான் திரும்புனான்."

ஷேக்கின் விரல்கள் கயிற்றை விடுகின்றன. கொடி கடை முன் நடைபாதையில், அஞ்சடியில், விழுகிறது. தொலைக்காட்சியில் கைதட்டுகிறார்கள்.

கைதட்டி முடியுங்கள். முடித்துவிட்டு எண்ணுங்கள்.

ஒரு முனையில் காசிம். ஒற்றைச் செருப்பு கிடைத்தது. எதிர் முனையில் யஹ்யா. அவர் பக்கத்து முனையில் மூத்தவள் சுமையா. நான்காவதில் ஹனான். முன்பல் விழுந்து இன்னும் முளைக்காதவள். எட்டாததால் குதிகாலை உயர்த்தி நின்றவள். ஒரு வீடு. ஒரு கொடி.

கல் என் கையில் இருந்தது. அதற்கு ஒரு கீறலும் இல்லை.