பின்கயிறு

கத்தியைக் கீழே வைத்துவிட்டுக் கேளுங்கள். நாளைக் கல்யாணத்து அவியலுக்குக் காய் போதும், யாருடைய விரலும் வேண்டாம்.

என் கூட்டுக்காரி ஆனந்தபாயின் தம்பி மகள் லிஜிக்கு நடந்தது இது. காஞ்சிரங்குளத்துப் பெண். ஆபரேஷன் தியேட்டரில் நர்ஸ். எந்த ஆஸ்பத்திரி என்று மட்டும் கேட்காதீர்கள். நாளைக்கு நாமே அங்கே போய்ப் படுக்க வேண்டி வரலாம்.

இரவு ஒன்றரை மணி... காஞ்சிரங்குளத்திலிருந்து நெய்யாற்றின்கரை போகும் சாலை. ஒரு நாய்கூட இல்லை. மழை அப்போதுதான் விட்டிருந்தது. அவசர ஆபரேஷன் என்று போன் வந்ததால் அண்ணன் ஜித்தின் பைக்கில் கொண்டுபோனான். வழியில் லிஜி சொன்னாள்.

"அண்ணா, இண்ணும் எனக்க கவுனை ஆரும் கெட்டித் தரல்லெண்ணா, இனி நான் அங்க போவமாட்டேன். சத்தியமாக்கும்."

தியேட்டரில் ஒரு முறை உண்டு. கை கழுவி, கவுன் மாட்டி, கையுறையும் போட்ட பிறகு வேறெதையும் தொடக் கூடாது. தன் முதுகைக்கூட. கவுனின் கயிறு பின்னால் தொங்கும். வேறொருவர் வந்து கட்டிவிட வேண்டும். அதுவரை இரண்டு கையையும் நெஞ்சுக்கு முன்னால் தூக்கிக்கொண்டு நிற்க வேண்டியதுதான்...

மூத்த சிஸ்டர் விலாசினி இதைத்தான் சாட்டையாக வைத்திருந்தார். ஒருநாள் அவருடைய கையுறை டிரிப் ஸ்டாண்டில் பட்டதை, லிஜி டாக்டர் முன்னாலேயே சொல்லிவிட்டாள். மாமியார் உடைத்தால் மண்குடம் அல்லவா! அன்று முதல் லிஜியின் கயிற்றை யாரும் நேரத்துக்குத் தொடவில்லை. கேட்டால், "ஒனக்குக் கை இல்லியாடீ?" என்பார் சிஸ்டர். உதவியாள் பினு போனைப் பார்த்துச் சிரிப்பான். அவளே கட்டினால் கையுறை அசுத்தம், முதலிலிருந்து கழுவ வேண்டும், தாமதத்துக்கு ஏச்சும் அவளுக்கே. கடைசியில் டாக்டர் உள்ளே வரும் நேரம் பார்த்து, ஒன்றும் நடக்காததுபோல் சிஸ்டர் கட்டிவிடுவார். எனக்குக் கேட்கும்போதே கை பரபரத்தது.

அன்றிரவு மேசையில் ஒரு கர்ப்பிணி. வயிற்றுக் குழந்தையின் துடிப்பு குறைந்துகொண்டே வந்தது. டொக்... டொக்... டாக்டர் வெளியே கை கழுவிக்கொண்டிருந்தார். லிஜி கவுனோடு நின்றாள்.

"சிஸ்டரே, ஒண்ணு கெட்டித் தாருங்க. பிள்ளைக்க உயிராக்கும்."

விலாசினி திரும்பவில்லை. அலமாரியில் மருந்துக் குப்பிகளை அடுக்கினார்.

டொக்......... டொக்.

லிஜிக்குக் கண் நிறைந்தது. அதைத் துடைக்கவும் கூடாதே, பாவி!

அப்போது... கழுத்துக்குப் பின்னால் ஒரு விரல். ஈரமாக. சில்லென்று. முதலில் கழுத்துக் கயிறு... பிறகு இடுப்புக் கயிறு... ஒரே இழுப்பு. ஸ்பிரிட் வாசனைக்கு நடுவில், மழையில் நனைந்த தார் ரோட்டின் வாசனை.

"தேங்ஸ், பினு அண்ணா."

பினு அவளுக்கு எதிரே, கதவருகில் நின்றுகொண்டிருந்தான்.

குழந்தை பிழைத்தது. எல்லாம் முடிந்து, டாக்டர் லிஜியைப் பாராட்டியதும், சிஸ்டர் தானாகவே அவள் கயிற்றை அவிழ்க்க வந்தார். வந்த கை அப்படியே நின்றது.

"இத... ஆரு கெட்டினது?"

முடிச்சின் இரண்டு வாலும் சுருட்டி உள்ளே செருகியிருந்தன. அந்தத் தியேட்டரில் அப்படிக் கட்டியவள் ஒருத்திதான். திருப்புறம் ஊர்ப் பெண், நர்ஸ் சோனா.

போன வருடம் அவளையும் இப்படித்தான் நிறுத்தி வைத்தார்கள். ஒரு மழை இரவில் பொறுக்க முடியாமல் கவுனோடு வெளியே இறங்கி நடந்துவிட்டாள். அமரவிளைப் பாலம் பக்கம் லாரி... உடம்பைத் தூக்கியவர்கள் சொன்னார்கள். இரண்டு கையும் நெஞ்சுக்கு முன்னால் மடங்கியே இருந்ததாம். கயிறு கட்டாமல் பின்னால் தொங்கியதாம்.

அதன் பிறகு யார் கவுன் மாட்டினாலும் விலாசினி ஓடி வந்து கட்டினார். ஆனால் தன் முதுகுக்குப் பின்னால் யாரையும் வர விடவில்லை. டாக்டர் கூப்பிடும்வரை, கயிறு கட்டாத கவுனோடு சுவரில் சாய்ந்தே நிற்பார்.

அடுத்த வாரம் ஒருநாள் அப்படி நின்றவரைப் பார்த்து லிஜிக்கே இரக்கம் வந்தது. பழிக்குப் பழி என்று நிறுத்தி வைக்கிறவள் இல்லை அவள்.

"திரும்பி நில்லுங்க சிஸ்டரே, நான் கெட்டித் தாறேன்."

விலாசினி அசையவில்லை. முகமூடி கண்ணீரில் நனைந்திருந்தது.

"வேண்டாம் மக்கா..." கண்ணை இறுக மூடிக்கொண்டார். "அவ கெட்டீட்டு இருக்கா."

லிஜி குனிந்து பார்த்தாள். அவர் முதுகுக்கும் சுவருக்கும் நடுவில் ஒரு விரல் நுழைய இடமில்லை... ஆனால் இடுப்போரம் தொங்கிய கயிற்றின் வால், கொஞ்சம் கொஞ்சமாக, உள்ளே போய்க்கொண்டிருந்தது.