வெள்ளை தெரியாத விளிம்பு

முதலில் அந்தத் தண்ணீர் டம்ளரைக் கொஞ்சம் தள்ளி வைத்துவிடுங்கள். இந்த அட்டைக் கப்பல் மேல் ஒரு சொட்டு தெறித்தாலும் தளம் உப்பிக்கொள்ளும். வார்னிஷ் அடித்திருக்கிறதே, ஒன்றும் ஆகாது என்று உங்கள் காவலர் சொன்னார். அடித்தவன் நான். எந்த மூலையில் படவில்லை என்பது எனக்குத்தான் தெரியும். நன்றி. இனி நீங்கள் கேட்டதற்கெல்லாம் பதில் சொல்கிறேன்.

நான் அட்டைப்பெட்டித் தொழிற்சாலையில் மாதிரி செய்பவன். சோப்புக்கோ செருப்புக்கோ புதிதாக ஒரு பெட்டி வேண்டுமென்றால், இயந்திரத்தில் ஆயிரக்கணக்கில் அடித்துத் தள்ளுவதற்கு முன் ஒன்றைக் கையால் செய்து காட்ட வேண்டும். அந்த ஒன்றைச் செய்வது என் வேலை. வண்ண அட்டையை வெட்டினால் வெட்டிய விளிம்பில் உள்ளே இருக்கும் வெள்ளை பல்லை இளிக்கும். அதே வண்ணத்தைத் தூரிகை நுனியில் தொட்டு விளிம்பில் ஓட்டிவிட வேண்டும். அப்புறம் அது ஒட்டு வேலை என்றே யாருக்கும் தெரியாது. இத்தனை வருஷத்தில் விளிம்பு பூசாத ஒரு துண்டுகூட என் கையை விட்டுப் போனதில்லை.

கப்பலை வீட்டில் செய்தேன். அந்தக் காலத்து இரும்புக் கவசப் போர்க்கப்பல். முக்கால்வாசி தண்ணீருக்குள் கிடக்கும். வெளியே தெரிவது தட்டையான தளமும் நடுவில் வட்டமான பீரங்கிக் கூண்டும்தான். வெட்டி ஒட்டுவதற்காக நான் வாங்கி வந்த அச்சடித்த தாள்களைப் பார்த்ததும் என் மனைவி, "என்னங்க இது, பலகை மேல பிஸ்கட் டப்பாவ வச்ச மாதிரி இருக்கு?" என்றாள். அவள் சொன்னது சரிதான். எனக்குத்தான் அது அழகாகத் தெரிந்தது.

தாள்களோடு ஒரு குறிப்பு வந்திருந்தது. அந்த வகைக் கப்பலில் ஆட்கள் நீர்மட்டத்துக்குக் கீழே வேலை செய்தார்கள். ஒருமுறை காற்றை உள்ளே தள்ளும் விசிறி நின்றுபோய், புகையில் ஆட்கள் மயங்கி விழுந்தார்களாம். அவளுக்குப் படித்துக் காட்டினேன். "ஐயோ பாவம், ஒரு ஜன்னல் வச்சிருக்கக் கூடாதா?" என்றாள். இருவரும் சிரித்தோம். அப்போதெல்லாம் எங்கள் வீட்டில் சிரிப்பு இருந்தது. அதையும் எழுதிக்கொள்ளுங்கள்.

பீரங்கிக் குழாய் இரண்டையும் சுருட்டியது அவள். என் விரல்கள் தடிமன். அவள் ஒரு பின்னல் ஊசியின் மேல் தாளை வைத்து, பிசிறில்லாமல் உருட்டிக் கொடுத்தாள். கண்ணும் கூர்மை. "இங்க பாருங்க, ஓரத்துல வெள்ளை எட்டிப் பார்க்குது" என்று நான் தவறவிட்டதைக்கூடக் காட்டுவாள். நோய் அவள் நுரையீரலில்தான் இருந்தது. கண்ணில் இல்லை.

எங்கள் வீட்டில் ஒரு சமையலறை, ஒரு அறை. அந்த அறையில்தான் அவள் கட்டிலும் என் மேசையும். ஒரே ஜன்னல், வெளிப்பக்கம் தள்ளித் திறப்பது, பச்சைச் சட்டம். மருத்துவர் என்னிடம் தனியாகச் சொன்னார்: "மருந்து பாதி, காத்து பாதி. ஜன்னல மட்டும் மூடாதீங்க." நான் தலையாட்டினேன்.

மழைக்காலம் வந்தது. கப்பலின் தளத்தை ஒட்டி முடித்து, எடை வைத்துவிட்டு வேலைக்குப் போனேன். திரும்பி வந்து பார்த்தால் ஜன்னல் அகலத் திறந்திருக்கிறது, ஈரக் காற்று உள்ளே விளையாடுகிறது, தளம் அப்பளமாக வளைந்து கிடக்கிறது. புதிதாக ஒட்டினேன். மறுபடி அதே கதை. "மூச்சு முட்டுச்சுங்க, அதான் திறந்தேன்" என்றாள். பிறகு குறும்பாகக் கேட்டாள்: "உங்களுக்குக் காகிதம் முக்கியமா, நான் முக்கியமா?" நான் அப்போது ஒரு சின்னத் துண்டைப் பல்லில் கடித்துக்கொண்டிருந்தேன். வாயைத் திறக்க முடியாத நேரம். துண்டை எடுத்த பிறகு அவள் வேறு பேச்சுக்குப் போய்விட்டாள்.

மறுநாள் தொழிற்சாலையிலிருந்து பழுப்புத் தாள் கொண்டுவந்தேன், பெட்டிகளின் மூலைக்குப் போடுவது. பசையில் ஊறவைத்து ஒன்றன் மேல் ஒன்றாக ஒட்டினால் காய்ந்ததும் பலகைக்குச் சமம். அவள் குளித்துக்கொண்டிருந்தபோது ஜன்னல் சட்டமும் கதவும் சேரும் இடத்தில் சுற்றிலும் ஒட்டினேன். தூசியும் ஈரமும் வராமல் இருக்கத்தான். பச்சை பூசினேன். விளிம்பிலும் பச்சை ஓட்டினேன்.

தூசிக்கு ஒட்டிய தாளுக்கு விளிம்பு பூசுவானேன் என்று நேற்று கேட்டீர்கள். பழக்கம் என்றேன். பழக்கம்தான். அவள் கண் கூர்மை என்பதும் உண்மைதான்.

அதற்குப் பிறகு ஜன்னல் திறக்கவில்லை. அவள் யார் மேலும் சந்தேகப்படவில்லை. தன் கையைத்தான் சந்தேகப்பட்டாள். "என் கையில பலமே போயிடுச்சுங்க. ஒரு ஜன்னலத் திறக்க முடியல" என்று உள்ளங்கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். மழையில் மரம் ஊதியிருக்கும், வெயில் வரட்டும் பார்க்கலாம் என்றேன். அறைக் கதவைத் திறந்து வைத்தாள். சமையலறை ஆவி கப்பலுக்கு ஆகாது என்று நான் மூடினேன். அவள் எதையும் பெரிதுபடுத்தாதவள்.

அவள் தங்கை வாரம் தவறாமல் வந்து போவாள். எனக்கு மச்சினி. என்னைக் கண்டால் ஆகாது, கல்லுளிமங்கன் என்று என் காதுபடவே சொல்லுவாள். "அக்கா, எங்க வீட்டு மாடிக்கு வந்துடு. காத்து அள்ளிக்கிட்டுப் போகும்" என்று கூப்பிட்டாள். என் மனைவி, "அவரு கப்பல முடிக்கட்டும்டி. நான் சுருட்டின பீரங்கிய வச்சுப் பார்த்துட்டு வரேன்" என்றாள்.

அப்போது கப்பல் முடிந்துதான் இருந்தது. வார்னிஷ் மட்டும் பாக்கி. அதை ஸ்ப்ரேயில் அடிப்பது வழக்கம். ஒரு பூச்சு காய்ந்ததும் அடுத்தது. இரண்டு மூன்று போதும் என்பார்கள். எனக்குத் திருப்தி வரவில்லை. இன்னும் ஒன்று, இன்னும் ஒன்று என்று அடித்துக்கொண்டிருந்தேன். நெடி மூக்கைத் துளைக்கும். தொழிற்சாலையில் கொடுத்த முகமூடி என்னிடம் இருந்தது. ஒன்றுதான் இருந்தது.

அவள் முதலில் நிறைய இருமினாள். மேசை அதிரும், என் கை தப்பும். போகப் போக இருமுவதற்கே மூச்சு போதாமல் சத்தம் சிறுத்துவிட்டது. சத்தம் சிறுத்ததும் என் கை நிலைத்தது. நான் அதைக் கவனித்தேன். கவனித்தேன் என்பதை மறைக்க எனக்கு விருப்பமில்லை.

கடைசிப் பூச்சைக் காலையில் அடித்து, அறைக் கதவைச் சாத்திவிட்டு வேலைக்குப் போனேன். சாயங்காலம் வந்தபோது ஜன்னலோரம் நாற்காலியில் இருந்தாள், நெற்றியைக் கண்ணாடியில் சாய்த்துக்கொண்டு. தூங்குகிறாள் என்று நினைத்துக் கப்பல் காய்ந்துவிட்டதா என்று தொட்டுப் பார்த்தேன். காய்ந்திருந்தது. அதைச் சொல்லத்தான் அவளைக் கூப்பிட்டேன்.

எனக்குத் துக்கம் இல்லை என்று மச்சினி சொன்னாளாம். இருக்கிறது. ஈரமான நாட்களில் கப்பலின் உடம்பு உப்பி, வெயில் வந்ததும் வற்றுகிறது. வற்றும்போது உள்ளிருந்து ஒரு சின்னச் சத்தம் வரும், யாரோ இருமலை அடக்கிக்கொள்வதுபோல. காகிதத்தின் இயல்பு அது, எனக்குத் தெரியும். ஆனாலும் சோற்றில் கை வைத்தபடியே நிறுத்திவிட்டுக் காத்திருக்கிறேன், அடுத்த சத்தம் வருமா என்று. அவளுக்குப் பயப்படுகிறேன். அவள் இல்லாததற்கும் அழுகிறேன். இரண்டும் ஒரே கண்ணில் எப்படி வருகிறது என்று தெரியவில்லை.

துக்கத்துக்கு வந்த மச்சினி வார்னிஷ் நெடி தாங்காமல் ஜன்னலைத் தள்ளினாள். அவள் திடமானவள், அவளாலும் முடியவில்லை. "மாமா, இது ஏன் திறக்க மாட்டேங்குது?" என்றாள். மரம் ஊதியிருக்கும் என்றேன். அவள் நகத்தால் சட்டத்தைச் சுரண்டினாள். பச்சைக்கு அடியில் பழுப்பு தெரிந்தது. அப்படித்தான் உங்களிடம் வந்தாள். அவள் மேல் எனக்குக் கோபமில்லை.

மனைவியை அவள் வீட்டுக்கு அனுப்பியிருக்கலாமே என்று கேட்கிறீர்கள். அனுப்பியிருக்கலாம். ஆனால் அங்கே போயிருந்தால் அவளுக்குக் குணமாகியிருக்கும். குணமானால் திரும்பி வந்திருப்பாள். வந்ததும் ஜன்னலைத் திறந்திருப்பாள். இதை யோசித்துத்தான் வார்னிஷ் அடித்தேன். கொல்ல வேண்டும் என்று அந்த வார்த்தையில் யோசிக்கவில்லை. அந்த வார்த்தை வேண்டுமென்றால் போட்டுக்கொள்ளுங்கள், கையெழுத்துப் போடுகிறேன்.

இனிச் சொல்லப் பாக்கி இருப்பது ஜன்னல் கண்ணாடி. வார்னிஷ் அதிலும் படிந்துவிட்டது. அது பிசுபிசுவென்று இருந்தபோது தள்ளிய கைகளின் தடம் அப்படியே உறைந்துபோயிருக்கிறது. துடைத்துப் பார்த்தேன், சோப்புப் போட்டுப் பார்த்தேன், போகவில்லை. காலை வெயிலில் அந்தக் கைகள் அவள் கட்டில் மேல் நிழலாக விழுகின்றன. நான் அந்தப் பக்கம் உட்காருவதில்லை.

சின்னக் கைகளுக்குப் பக்கத்தில் இருக்கும் பெரிய கைகள் யாருடையவை என்று உங்கள் ஆள் கேட்டார். என்னுடையவை. ஒருநாள் அவள், "என்னால முடியலங்க, நீங்களும் கொஞ்சம் தள்ளுங்களேன்" என்று கூப்பிட்டாள். போய்ப் பக்கத்தில் நின்று கைகளை வைத்தேன். ஒண்ணு, ரெண்டு, மூணு என்று அவள்தான் சொன்னாள். திறக்கவில்லை. மூச்சு வாங்க வாங்கச் சிரித்தாள். "நமக்கு ரெண்டு பேருக்குமே வயசாயிடுச்சு" என்றாள். ஆமாம் என்றேன்.

அதனால் நான் அவளுக்கு உதவவே இல்லை என்று மட்டும் எழுதிவிடாதீர்கள். கூப்பிட்டதும் கையில் இருந்த வேலையைப் போட்டுவிட்டு எழுந்து போனவன் நான். வேண்டுமானால் கண்ணாடியை நன்றாகப் பாருங்கள். அவளுடைய தடம் அழுந்தி, வழுக்கி, விரல் ரேகை எல்லாம் நசுங்கியிருக்கிறது. என்னுடையதில் ஒரு ரேகைகூடக் கலையவில்லை.