பிடி வைத்துக் கட்டிய பெட்டி

தமக்குப் போட்ட நாற்காலியை மேடையிலிருந்து இறக்கி மூத்தவர் ஒருவருக்குக் கொடுத்துவிட்டு நின்றுகொண்டிருக்கும் விழாத் தலைவர் அவர்களே! நாற்காலி போதவில்லை, போதவில்லை என்று காலையிலிருந்து ஓடிக் களைத்த படிப்பகச் செயலாளர் அவர்களே! எனக்குக் கணக்கையும் கண்டிப்பையும் சேர்த்தே கற்றுத் தந்த ஆசிரியப் பெருமக்களே! பெட்டியில் எதை வைப்பது, நெஞ்சில் எதை வைப்பது என்று தெரியாமல் தவித்தபடி அமர்ந்திருக்கும் தாய்மார்களே! அந்தத் தவிப்பை வெளியே காட்டாமல் விறைப்பாக உட்கார்ந்திருக்கும் தந்தைமார்களே! அடுத்த வாரம் கடல் கடந்து கல்வி தேடிப் புறப்படும் பன்னிரண்டு தம்பி தங்கைகளே! உங்கள் அனைவருக்கும் இந்தப் படிப்பகத்தின் பழைய வாசகி ஒருத்தியின் பணிவான வணக்கம்.

'அயல்நாட்டில் நான் வென்ற வரலாறு' என்று அழைப்பிதழில் என் தலைப்பை அச்சடித்திருக்கிறார்கள். எழுத்து அழகாக இருக்கிறது. செய்திதான் தவறு. தலைவர் என்னைத் திரும்பிப் பார்க்கிறார். பயப்படாதீர்கள் ஐயா, விழாவைக் கெடுக்க மாட்டேன். தலைப்பைக் கொஞ்சம் திருத்திக்கொள்கிறேன், அவ்வளவுதான். நான் பேசப் போவது வென்ற கதை அல்ல. மறைத்த கதை! நான் மறைத்த கதை. என்னிடம் மறைக்கப்பட்ட கதை.

என் தந்தையார் லாரி பார்சல் அலுவலகம் ஒன்றில் முப்பது ஆண்டுகள் பெட்டி கட்டியவர். குறுக்கே இரண்டு சுற்று, நெடுக்கே இரண்டு சுற்று, நடுவே ஒரு முடிச்சு. அந்த முடிச்சைக் கையால் அவிழ்த்தவர் கிடையாது. கத்தரிக்கோல்தான் அவிழ்க்க வேண்டும். எனக்கு அனுப்பும் பெட்டிகளில் மட்டும் இன்னொன்றும் இருக்கும். மேலே கயிற்றாலேயே முறுக்கிய ஒரு பிடி. எதற்கு? மகள் தூக்கிக்கொண்டு மூன்று மாடி ஏற வேண்டுமே, கை அறுந்துவிடக் கூடாதே, அதற்கு!

பாலம் கட்டும் படிப்புப் படிக்கப் போனேன். முதல் நாள் வகுப்பில் பேராசிரியர் ஒரு மணி நேரம் பேசிவிட்டு, "புரியாதவங்க கை தூக்குங்க" என்றார். எனக்குப் பாதி புரியவில்லை. நான் கை தூக்கினேனா? தூக்குவேனா? புரியாததைப் புரிந்தது போலத் தலையாட்டுவதில் எனக்குத்தான் ஒன்றாம் வகுப்பிலிருந்தே பயிற்சி உண்டே! சிரிக்கிறீர்கள். சிரிக்கிறவர்கள் எல்லாம் என் வகுப்புத் தோழர்கள் என்று நினைக்கிறேன்.

அந்த வகுப்பில் கை தூக்கியவள் என் அறைத்தோழி. அவளுக்கு நான் வைத்த பெயர் புயல். வேறொரு நாட்டுப் பெண். பெற்ற தாயோடு தொலைபேசியில் அவள் ஆங்கிலத்தில் பேசுகிற பேச்சு இருக்கிறதே, அதைப் பேச்சு என்று சொல்ல முடியாது, சுவர் அதிரும். "எனக்கு இந்தப் பாடம் வரல, நான் தோத்துருவேன் போல இருக்கு" என்று கத்துவாள். அந்தப் பக்கமிருந்து அவளுடைய தாய், "எனக்கு உங்கப்பாவோட குடும்பம் நடத்த முடியல, அதக் கேளு முதல்ல" என்று திருப்பிக் கத்துவார். நான் போர்வைக்குள் படுத்துக்கொண்டு நினைப்பேன்: அடக் கடவுளே, பெற்றவர்களிடம் இப்படியா பேசுவது? என்ன வளர்ப்பு, என்ன வார்த்தை! நம் வீட்டில் எவ்வளவு இதமாகப் பேசுகிறோம்!

எங்கள் வீட்டு இதம் எப்படி இருக்கும் தெரியுமா? ஞாயிற்றுக்கிழமைதோறும் அழைப்பேன். "எல்லாரும் எப்படிம்மா இருக்கீங்க?" "நல்லா இருக்கோம். நீ?" "நல்லா இருக்கேன்." "படிப்பு?" "நல்லாப் போகுது." நல்லா, நல்லா, நல்லா! ஒருநாள் புயல் அந்த 'நல்லா'வுக்கு என்னிடம் பொருள் கேட்டுத் தெரிந்துகொண்டு, "உங்க வீட்ல யாருக்கும் எப்பவும் எதுவுமே ஆகாதா?" என்று கேட்டாள். நான் பெருமையோடு சிரித்தேன். இன்று நினைத்தாலும் அந்தச் சிரிப்புக்காக எனக்கு வெட்கமாக இருக்கிறது.

ஏன் வெட்கம்? அப்போது நான் இரண்டு தாள்களில் தோற்றிருந்தேன். தோற்றதை வீட்டில் சொல்லவில்லை. தோற்ற பிறகு வகுப்புக்குப் போகவும் கூசியது. காலையில் பையைத் தூக்கிக்கொண்டு கிளம்புவேன். நூலகத்தின் கடைசி மேசையில், பழைய செய்தித்தாள் அடுக்குக்குப் பின்னால் உட்கார்ந்திருப்பேன். மாலையில் நூலக வாசலில் நின்று படம் எடுத்து வீட்டுக்கு அனுப்புவேன். 'மகள் எந்நேரமும் நூலகத்திலேயே இருக்கிறாள்' என்று என் தாய் தெருவெல்லாம் சொல்லிப் பூரித்தாராம். அவர் சொன்னதில் ஒரு சொல்கூடப் பொய் இல்லை, அன்பர்களே. பொய் முழுவதும் என்னிடம் இருந்தது.

அந்த மாதங்களில்தான் அழைப்பில் அப்பா காணாமல் போனார். "அப்பா எங்கம்மா?" "ஆபீஸ்ல சரக்கு இறக்குறாங்க." அடுத்த வாரம், "குளிக்கப் போயிருக்காரு." அதற்கடுத்த வாரம், "இப்பத்தான் கண் அசந்தாரு, எழுப்பவா?" "வேணாம்மா, தூங்கட்டும்." ஐந்து மாதம்! ஐந்து மாதமாக ஒரு மனிதர் குளிப்பாரா? எனக்குச் சந்தேகம் வர வேண்டாமா? வரவில்லை. ஏன் வரவில்லை என்பதை இந்த ஊர் கூடியிருக்கும் இடத்தில் சொல்கிறேன். அப்பாவின் முகத்தைப் பார்த்து என்னால் பொய் சொல்ல முடியாது. அவர் எதிரே வராதவரை எனக்கு நிம்மதி. "அப்பா இல்லையா?" என்று வாய் வருத்தப்படும், "அப்பாடா" என்று மனம் பெருமூச்சு விடும். அவர்களுடைய பொய்யை என் பொய் காப்பாற்றியது. என் பொய்யை அவர்களுடைய பொய் காப்பாற்றியது.

பிறகு ஒரு நாள் பெட்டி வந்தது.

விடுதிக் காவலர் மேசைமேல் வைத்திருந்தார். நான் வழக்கம்போல மேலே கையைக் கொண்டுபோனேன், பிடி இல்லை. திருப்பினேன், கவிழ்த்தேன், எங்கும் இல்லை. பெட்டியைச் சுற்றிப் பழுப்பு டேப், டேப்பின் மேல் டேப், அதன்மேல் ஒரே சுற்றாக ஒரு கயிறு. ஷூவுக்கு நாடா கட்டுவது போல ஒரு முடிச்சு! இழுத்தேன், அவிழ்ந்துவிட்டது. கத்தரிக்கோல் இல்லாமல் அவிழ்ந்துவிட்டது. குரலை மாற்றலாம், முகத்தை மாற்றலாம், வீடே சேர்ந்து ஒத்திகை பார்த்துப் பேசலாம். அந்த முடிச்சுக்குப் பொய் சொல்லத் தெரியவில்லை.

ஞாயிறு வரை காத்திருக்காமல் அழைத்தேன். "அம்மா, பார்சல் யாரு கட்டினா?"

"ஏன், உள்ள ஏதாவது உடைஞ்சிருக்கா?"

"யாரு கட்டினாம்மா?"

"உங்கண்ணன்தான். அப்பாவுக்கு வேலை..."

"அப்பா இருக்காராம்மா?"

இப்படித்தான் கேட்டேன் தாய்மார்களே. எங்கே என்று கேட்கவில்லை. இருக்காரா என்று கேட்டேன். அந்தப் பக்கம் என் தாய் உடைந்து அழுதார். அப்பாவுக்குப் பக்கவாதம். வலது கையும் வலது காலும் விழுந்து ஐந்து மாதம் ஆகியிருந்தது. "நீ படிக்கிற பொண்ணு. பரீட்சை முடியட்டும்னுதான் சொல்லல. உன் பேரச் சொன்னாலே அவருக்குக் கண்ணு கலங்குது, போன்ல காட்டிக் குடுத்துருவாரு. அதனால உன் பேச்சையே வீட்ல எடுக்கிறதில்லை" என்றார்.

கேட்டீர்களா? என்னைக் காப்பதற்காக என் பெயரையே வீட்டில் நிறுத்திவிட்டார்கள். அங்கே கட்டிலில் படுத்திருந்தவர் என்ன நினைத்திருப்பார்? ஞாயிறு வரும், போகும். மகளின் குரல் அடுத்த அறையில், மூடிய கதவுக்குப் பின்னால், சொல் புரியாமல் கேட்கும். தன்னிடம் மட்டும் வராது. விழுந்துபோன அப்பன் இனி எதற்கு என்று மகள் விட்டுவிட்டாள் என்று எண்ணியிருக்கிறார். அவரே பின்னால் என்னிடம் சொன்னார். நோய் அவர் கையைத்தான் எடுத்தது. மகள் இருக்கிறாள் என்ற நினைப்பை அவரிடமிருந்து எடுத்தது எங்கள் அன்பு!

அன்று அம்மா தொலைபேசியை அப்பாவின் முகத்துக்கு முன்னால் பிடித்தார். வாய் ஒரு பக்கம் இழுத்திருந்தது. தாடி வளர்ந்திருந்தது. நான் ஆறுதல் சொல்ல வாய் திறந்தேன், உண்மை வந்தது. "அப்பா, நான் ஃபெயிலாயிட்டேன்ப்பா."

அவர் கோணிய வாயால் ஒவ்வோர் எழுத்தாக உருட்டி, "எத்... தனை?" என்றார்.

"ரெண்டு பேப்பர்ப்பா."

இடது கையால் தம் வலது கையைத் தொட்டுக் காட்டினார். வலது காலைத் தொட்டுக் காட்டினார். "எனக்கும்... ரெண்டு" என்றார்.

என் தந்தை செய்த நகைச்சுவைகளிலேயே சிறந்தது அதுதான், சபையோரே. அவர் பாதி வாயால் சிரித்தார். நான் முழு வாயால் அழுதேன். என் அழுகைச் சத்தத்தில் புயலே ஓடி வந்துவிட்டாள் என்றால் பார்த்துக்கொள்ளுங்கள்!

உடனே ஊருக்கு ஓடி வந்தேன். பத்து நாள் அவர் கட்டிலருகே இருந்துவிட்டு, அவர் விரட்டியதால் திரும்பிப் போனேன். அதன்பிறகு எங்கள் ஞாயிறுகள் மாறின. அவர் ஜன்னல் கம்பியில் கயிற்றைப் போட்டு இடது கையால் முடிச்சுப் பழகுவார்; நான் போட்ட கணக்கைத் தாளோடு தூக்கிக் காட்டுவேன். "இன்னிக்கு நழுவிருச்சு" என்பார். "எனக்கும் நடுவுல தப்பாயிருச்சுப்பா" என்பேன். வகுப்பில் கை தூக்கினேன். எத்தனை முறை தெரியுமா? "இன்னிக்கு நீங்க தூக்கலைன்னா எனக்குத்தான் சந்தேகமா இருக்கு" என்று பேராசிரியரே சொல்லும் அளவுக்கு! இரண்டு தாள்களையும் தேறினேன். முதல் வகுப்பில் அல்ல. அழைப்பிதழில் அதையும் தவறாகப் போட்டிருக்கிறார்கள்.

அப்படியானால் அயலாரின் வழிதான் உயர்ந்தது, நம் வழி தாழ்ந்தது என்று சொல்ல வந்தேனா? இல்லை. பிரியும் நாளில் புயல், பழைய பெட்டியிலிருந்து நான் அறுத்து வைத்திருந்த அந்தக் கயிற்றுப் பிடியைக் கையில் எடுத்துப் பார்த்தாள். "எங்கம்மா எங்கிட்ட எல்லாத்தையும் சொல்வாங்க. ஆனா என் கை வலிக்குமேன்னு யாரும் எனக்கு இப்படி ஒண்ணு செஞ்சதில்ல" என்றாள். அதை அவளுக்கே கொடுத்துவிட்டேன். அவளிடமிருந்து உண்மையை எடுத்துக்கொண்டேன்; என்னிடமிருந்து ஒரு பிடியைக் கொடுத்தேன். நான் வெளிநாட்டில் கற்ற கலாசாரப் பாடம் அவ்வளவுதான்.

என்னம்மா கேட்கிறீர்கள்? இரண்டாவது வரிசை, நீலச் சேலை அம்மா... ஒலிபெருக்கி வேண்டாம், எனக்குக் கேட்கிறது. "நாளைக்குப் பரீட்சைன்னா இன்னிக்கு எப்படிம்மா சொல்றது? புள்ள அங்க தனியாக் கெடந்து துடிக்காதா?" என்று கேட்கிறார்கள். நியாயமான கேள்வி. துடிக்கும் அம்மா. நிச்சயம் துடிக்கும். துடிக்காது என்று நான் பொய் சொல்ல மாட்டேன். பொய் சொல்லி ஓய்ந்துவிட்டேன். ஆனால் நான் தோற்ற தாள்களைத் திரும்ப எழுதினேன். என் அப்பா அந்தக் கட்டிலில் என்னை எதிர்பார்த்துக் கிடந்த ஐந்து மாதத்தை நான் எந்தக் கூடத்தில் உட்கார்ந்து திரும்ப எழுதுவேன்? துடிக்கிற உரிமையைப் பிள்ளையிடமிருந்து பறிக்காதீர்கள். அவர்கள் உங்கள் நன்மைக்கு மட்டுமா பிள்ளைகள்? உங்கள் நோய்க்கும் பிள்ளைகள் அல்லவா?

தம்பி தங்கைகளே, உங்களுக்கும் அதேதான். தோற்றால் சொல்லுங்கள். தனிமை என்றால் சொல்லுங்கள். 'நல்லா இருக்கேன்' என்ற சொல்லை நல்லா இருக்கிற நாளுக்கு மிச்சம் வைத்துக்கொள்ளுங்கள்.

இதோ, மேசைமேல் பன்னிரண்டு பெட்டிகள். படிப்பகம் உங்களுக்குத் தரும் பரிசு. உள்ளே ஓர் அகராதி, ஒரு கம்பளிச் சால்வை. கட்டியவர் வாசலோரம் கடைசி வரிசையில் கைத்தடியோடு உட்கார்ந்திருக்கிறார். திரும்பிப் பார்க்காதீர்கள், அவருக்குக் கூச்சம்... சரி, பார்த்துவிட்டீர்கள்! எல்லாம் இடது கை முடிச்சு. கோணலாகத்தான் இருக்கும். ஒரு பெட்டிக்கு அரை நாள் ஆனது. ஒவ்வொன்றிலும் பிடி இருக்கிறது.

இன்னும் இரண்டு பக்கம் எழுதி வைத்திருந்தேன். ஆனால் அந்த நீலச் சேலை அம்மா தம் மகனின் கையைப் பிடித்து ஏதோ சொல்லத் தொடங்கிவிட்டார்கள். அவன் முகம் மாறுகிறது. தலைவர் அவர்களே, கைதட்டச் சொல்லாதீர்கள். அவர்கள் பேசட்டும். தம்பி, நீ கேள். அம்மா, நிறுத்தாதீர்கள், முழுவதும் சொல்லிவிடுங்கள்.

மேடை தந்த படிப்பகத்துக்கும், பொறுமையோடு கேட்ட உங்களுக்கும், பின்வரிசையில் இருக்கும் என் அப்பாவுக்கும் நன்றி. புறப்படுகிறவர்களே, போய் வாருங்கள். எல்லோருக்கும் வணக்கம்.