குனிய வேண்டாத மாடிப்படி

தலைமைப் பொறுப்பையும் இன்றைய தீர்மானத்தையும் ஒருசேரத் தாங்கி வீற்றிருக்கும் அண்ணன் செங்கல்வராயன் அவர்களே, ஆவடியிலிருந்து வந்து அவைக்கு அழகு சேர்க்கும் அருமைப் பெரியோர்களே, பிள்ளைகளை மடியில் உறங்கவைத்துவிட்டு எங்கள் பேச்சைப் பொறுத்தருளும் தாய்மார்களே, போண்டாத் தட்டு வருகிறதா என்று வாசலையே பார்த்திருக்கும் என் தொழில் தோழர்களே, இச்சங்கத்தின் ஒரே பெண் உறுப்பினரான இந்தச் சகாயமேரியின் வணக்கம் உங்கள் அனைவருக்கும் உரியதாகுக.

நாம் யார்? கட்டடம் எழும்புமுன்னே கல் எத்தனை, கம்பி எத்தனை, கலவை எத்தனை என்று கணித்துச் சொல்லும் கூட்டம். இன்றோ தம்பி ஜேசுராஜ் ஒரு கம்ப்யூட்டர் வாங்கி, வீட்டை முழுசாக அதற்குள்ளேயே கட்டிவிடுகிறான். சுவரை அதில் நகர்த்தினால் செங்கல் கணக்கும் தானே நகர்கிறது. அதனால்தான் அண்ணன் இந்தத் தீர்மானத்தைக் கொண்டுவந்திருக்கிறார்: கம்ப்யூட்டரில் கணக்குப் போடுபவருக்குச் சங்கத்தில் இடமில்லை. அவனோ கடைசி வரிசையில் தூணுக்குப் பின்னால் உட்கார்ந்திருக்கிறான். சங்கம் கைவிட்டால் இந்த வட்டாரத்தில் அவனை நம்பி யார் வேலை கொடுப்பார்கள்? அந்தக் கவலை எனக்கு இருக்கிறது. மறைக்க மாட்டேன்.

என்ன ஐயா அங்கே? 'அவன் கணக்கு ராஜம்மா வீட்டில் கவிழ்ந்ததே' என்கிறீர்களா? வருகிறேன், அங்கேதான் வருகிறேன்.

முத்தாபுதுப்பேட்டை ராஜம்மா வீட்டுக்கு மாடி எடுத்தார்கள். தளம் போடும் நாள். பிரியாணி வெந்துகொண்டிருந்தது, வானமும் கறுத்துக்கொண்டிருந்தது. கம்ப்யூட்டர் அளந்ததை அளந்தபடி ஜேசுராஜ் சொன்னான். வழக்கமாகக் கொஞ்சம் கூட்டி வாங்கும் மேஸ்திரி, பெட்டியே கூட்டியிருக்கும் என்று நினைத்தார். ஒருவரை ஒருவர் நம்பினார்கள், ஒருவரும் கூட்டவில்லை. கடைசி மூலைக்கு வரும்போது சிமென்ட் தீர்ந்தது. தளத்தைப் பாதியில் நிறுத்தினால் அந்த ஒட்டில் ஆயுளுக்கும் ஒழுகும். ராஜம்மா முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு வானத்தைப் பார்த்தபடி நின்றார்.

ஜேசுராஜ் எங்கே ஓடினான் தெரியுமா? அண்ணனூரில் வேலை நடத்திக்கொண்டிருந்த நம் தலைவரிடம். கேளுங்கள் அந்த உரையாடலை.

"அண்ணாத்தே, மூட்டை பத்தல."

"இன்னாப்பா, உன் பொட்டி எண்ணலையா?"

"எண்ணுச்சு அண்ணாத்தே. அதுக்குள்ள சென்ட்ரிங் பலகை நேரா கீது. இங்க நடுவுல தொஞ்சிகினு கீது. கலவைய குடிச்சிகினே போவுது."

அண்ணன் தம் வேலைக்கு வைத்திருந்த சிமென்டையே எடுத்தார். மீன்பாடி வண்டியில் மூட்டைகளை ஏற்றி, மூட்டைமேல் தாமும் ஏறி, முழங்காலில் வேட்டியை முடிந்துகொண்டு வந்து இறங்கினார். மழைக்கு முன்னே மூலை முடிந்தது. அந்தப் பெருந்தன்மைக்கு இந்த மேடையிலேயே கைகூப்புகிறேன்.

ஆனால் அதற்குப் பிறகு நடந்ததை அண்ணன் உங்களுக்குச் சொல்லியிருக்க மாட்டார்.

அண்ணன் வீட்டு மாடிப்படி உங்களுக்குத் தெரியும். நடுவழியில் உத்தரம் தலைக்கு நேரே வரும். வரைபடத்தில் யார் கண்ணிலும் படவில்லை. இன்றும் அவர் வீட்டு மாடிக்கு எவர் போனாலும் தலைவணங்கித்தான் போகவேண்டும். மரியாதை என்கிறார் அண்ணன். மண்டை வீங்கிய நமக்கல்லவா தெரியும்?

தளம் இறுகிப் பலகை பிரித்த பின்பு ஜேசுராஜோடு ராஜம்மா வீட்டுப் படியில் ஏறிய அண்ணன், பழக்கதோஷத்தில் பாதியிலேயே குனிந்தார். மேலே ஒன்றுமில்லை.

"இன்னாப்பா, உத்தரம் எங்க?"

"இடிக்கிறா மாதிரி வந்துச்சு அண்ணாத்தே. கம்ப்யூட்டர்லயே பாத்து நவுத்திட்டோம்."

குனிந்தவர் மெல்ல நிமிர்ந்தார். தடவிக்கொள்ள வீக்கமில்லாத தலையைத் தடவிக்கொண்டார்.

தோழர்களே, எண்ணுவது மட்டும்தானா நம் தொழில்? எண்ணுவதை அது எண்ணட்டும். இடிக்கும் உத்தரத்தை எழும்புமுன்னே காட்டட்டும். தொய்யும் பலகையைத் தொட்டுப் பார்ப்பது யார்? கறுக்கும் வானத்தைக் கணக்கில் சேர்ப்பது யார்? நாமல்லவா? திரையையும் பார்ப்போம், தரையையும் பார்ப்போம். இரண்டையும் பார்க்கத் தொடங்கியவனை வெளியே தள்ளிவிட்டு நாம் எதை அளக்கப் போகிறோம்?

இறுதியாக ஒரே ஒரு சந்தேகம். கம்ப்யூட்டர் அறைக்குள் செருப்போடு போகக்கூடாது என்பது ஊரறிந்த ஆசாரம். கொஞ்ச நாளாக மாலை வேளையில் ஜேசுராஜ் வீட்டு வாசலில், சிமென்ட் காய்ந்த டயர் செருப்பு ஒரு ஜோடி கிடக்கிறதே, அது யாருடையது? அமைதி, அமைதி. யாரும் குனிந்து தலைவர் காலைப் பார்க்க வேண்டாம்.

என்ன அண்ணா? ஒலிபெருக்கியில் சொல்லுங்கள், எல்லாரும் கேட்கட்டும்.

"வுடு மேரி. தீர்மானத்த வாபஸ் வாங்கிக்கிறேன். எனக்கே இன்னும் அந்த மௌஸ் சரியா புடிக்க வரல, அவன அனுப்பிட்டு நான் யாராண்ட போய் கேக்கறது?"

கேட்டீர்களா? அண்ணனுக்கு நன்றி, அவைக்கு நன்றி, ஆறினாலும் வந்து சேர்ந்த போண்டாவுக்கும் நன்றி. ஜேசுராஜ், தூணை விட்டு வெளியே வா தம்பி. முன்வரிசையில் அண்ணன் பக்கத்து நாற்காலி காலியாக இருக்கிறது. குனியாமல் நடந்து வா. வணக்கம்.