பெயர் போடாத வாசகர்

— ...நாவலைப் பாராட்டி எழுதின அந்தம்மாவுக்கு நன்றின்னு மட்டும் டைப் அடிச்சிடு. அடுத்த வாசகர் கடிதம்?

— இதுல பேர் இல்லப்பா. ‘ஒரு தகப்பன்’னு மட்டும் போட்டிருக்கு.

— என்னன்னு?

— ஒரு தகப்பன்.

— அது... தபால்லயா வந்துச்சு?

— பின்ன கூரையைப் பிச்சுக்கிட்டா வரும்? படிக்கட்டுமா?

— வேணாம், கிழிச்சுப் போடு. பேர் சொல்லத் தைரியம் இல்லாத ஆளுக்கெல்லாம் நாம எதுக்கு...

— ‘ஐயா, உங்கள் பதினோரு நாவலையும் படித்தவன் நான். அப்பா பேச்சை மீறி உங்கள் கதாநாயகி ஓடக்காரனைக் கட்டிக்கொண்டபோது கைதட்டினேன். இப்போது என் மகளும் ஒருவனைக் கொண்டுவந்து நிறுத்தியிருக்கிறாள்.’

— ம்.

— நம்ம வீட்டுக் கதையாட்டம் இருக்குல்ல?

— எல்லா வீட்டுலயும் நடக்கிறதுதான்.

— போன மாசம் நான் கட்டிக்கப்போறவரைக் கூட்டிட்டு வந்தேன். உட்காருன்னு ஒரு வார்த்தை சொல்லல நீங்க.

— லிப்ட் ரிப்பேர் பண்றவனை...

— ஓடக்காரன் வந்தா மட்டும் நாலு பக்கத்துக்கு நிலா காயுது உங்க நாவல்ல.

— ஓடம்னா அதுல ஒரு அழகு இருக்கும்மா. லிப்டுல என்ன இருக்கு, கிரீஸ்.

— அந்தப் பொண்ணோட அப்பாவைப் பதினாலாம் அத்தியாயத்துல சாகடிச்சீங்களே, அதுவும் அழகுக்கா?

— அந்த ஆள் இருந்தா கல்யாணம் எப்படி நடக்கும்? கதை நகர வேண்டாமா?

— எனக்கு நீங்க இருக்கணும்ப்பா. வெள்ளிக்கிழமை கல்யாணப் பதிவு. நீங்க வராட்டியும் பண்ணிக்குவேன்... ஆனா சந்தோஷமா இருக்க மாட்டேன்.

— முதல்ல அந்தக் கடிதத்தை முடி.

— மீதியையும் கேளுங்க. ‘முடியாது என்று சொல்லிவிட்டேன். மறுநாளே மனம் மாறிவிட்டது. ஆனால் சொன்னதை மாற்றினால் மகள் முன்னால் என் மரியாதை என்ன ஆவது? நான் என்ன செய்யட்டும்?’ இதுக்கு என்ன பதில் போடட்டும்?

— சரியான வறட்டு கௌரவம் பிடிச்ச ஆளு.

— அப்படியே அடிக்கவா?

— வேணாம், பாவம். ‘அன்புள்ள தகப்பனுக்கு’ன்னு ஆரம்பி. ‘உங்கள் மரியாதை எங்கேயும் ஓடிப்போகாது. பேசாமல் போய்ச் சாட்சிக் கையெழுத்துப் போடுங்கள்.’

— ‘போடுங்கள்.’ அப்புறம்?

— ‘பையனைப் பார்த்தால்... உட்காரச் சொல்லுங்கள்.’

— ஆச்சு. இதை எங்கப்பா அனுப்புறது? விலாசமே இல்ல.

— இருக்கட்டும், இங்கேயே வை... ஏம்மா, அந்தக் கடிதத்துல எழுத்து ரொம்பக் கோணலாவா இருக்கு?

— இடது கையால எழுதினா கோணலாத்தான் இருக்கும்.

— ஆனா நான் அதைத் தபால்ல போடவே இல்லையேம்மா.

— தெரியும்ப்பா. பத்து நாளா உங்க சட்டைப் பையிலயே கிடந்துச்சு. துவைக்க எடுத்தப்போ பார்த்தேன். நான்தான் கொண்டுபோய்ப் போட்டேன்.