வாங்கு கேட்காத தெரு

அக்கரைப்பற்று பஸ்ஸில் எனக்கு முன்னால் இருந்த, பள்ளிவாசல் நிர்வாகியான மரைக்கார், பக்கத்திலிருந்தவரிடம் சொன்னார்.

“நேத்து என்ட பொண்டாட்டி இருட்டின பொறகும் நோன்போட இருந்தத்துக்கு நான்தான் காரணம், மச்சான்.”

“என்ன கதைக்கிறீங்க?”

“லைன் கரண்ட் வந்ததும், பள்ளிக்குக் கரண்ட் தந்த டீசல் இஞ்சினை இனித் தேவல்ல, குடுத்திடுங்க எண்டு சொன்னது நான்தானே. புகையில்ல, சத்தமில்ல, எண்ணெய்க்கு அலையவும் தேவல்ல எண்டு சந்தோசப்பட்டன். நேத்து பொழுதுபட, மஹ்ரிபு தொழுகைக்குக் கரண்ட் நிண்டுட்டு. தொழுகைக்குக் கூப்பிடுற வாங்கு, ஸ்பீக்கர் இல்லாம எங்கட தெருவுக்குக் கேக்கல்ல.”

“இருட்டினது அவக்குத் தெரியாதா?”

“தெரியும். நான் பள்ளியில கஞ்சி குடிச்சிட்டுப் போறன், அவ பேரீச்சம்பழத்தைக் கையில வெச்சிட்டு இருக்கா. என்ட தாடியில ஒட்டின கஞ்சியைப் பாத்திட்டு, ‘வாங்கு சொல்லமுந்தியே நீங்க நோன்பு துறந்திட்டீங்களா’ எண்டு கேட்டா.”